ஒரே வரிசை, ஆறு விலை

ஓசூரில் விமானம் செய்யலாம், ஏறத்தான் முடியாது. பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் தனியார் ஓடுதளம் 1990களிலிருந்தே இருக்கிறது. ஆறு பேர் உட்காரும் இத்தாலிய மாடல் சின்ன விமானங்களை அங்கே தயாரித்திருக்கிறார்கள். ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஏறுவதற்கு ஊரில் எதுவும் கிடையாது. பெங்களூரு விமான நிலையத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தில், அது திறந்து 25 வருடம் ஆகும்வரை 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள் புது விமான நிலையம் கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. தேவனஹள்ளியில் அது திறந்தது 2008 மே மாதம். ஆக, 2033 வரை ஷரத்து உயிரோடிருக்கும். 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், வருடத்துக்கு 3 கோடிப் பேர் வந்துபோகிற மாதிரி பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அது வருகிறவரைக்கும் நமக்கு அத்திப்பள்ளி டோல், சில்க் போர்டு, ஹெப்பால் எல்லாம் தாண்டி கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர்.

ஊரில் விமானம் ஏற முடியாவிட்டாலும் டிக்கெட் போட முடியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் சித்தப்பா வைத்திருக்கும் டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்து நான் மூன்று வருடம் அதைத்தான் செய்தேன். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், கடைக்கு வந்தபிறகு இந்தி. இந்த நாலும் தெரிந்தால் ஓசூரில் எந்தக் கவுண்டரிலும் உட்கார்ந்துவிடலாம். விமான டிக்கெட் கவுண்டருக்கு மட்டும் ஐந்தாவதாக ஒரு மொழி தேவைப்பட்டது. லைட், வேல்யூ, கிளாசிக், ஃப்ளெக்ஸ், சேவர், சூப்பர், பிளஸ் என்று போகும் அந்த மொழி. சொல்லெல்லாம் கேட்ட சொல்தான், அர்த்தம் மட்டும் பிடிபடாது.

"லைட்னா என்னக்கா? உள்ள லைட் போட மாட்டாங்களா?" என்று ஒரு தம்பி நிஜமாகவே கேட்டான். சிரிக்கிறதுக்கு ஒன்றுமில்லை. அவன் அன்றாடம் பார்க்கிற பஸ்ஸிலும் பெயருக்கு ஒரு வசதி உண்டு. சாதாரணக் கட்டணம், எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்று நம்ம பஸ்ஸில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்துக் கர்நாடக பஸ்ஸென்றால் சாரிகே, ராஜஹம்சா, ஐராவத், அம்பாரி. பெயர் மாறினால் வண்டியே மாறும். ராஜஹம்சாவில் சீட் சாய்கிறது, ஐராவத்தில் ஏ.சி. வருகிறது. கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியும். விமானத்தில் அப்படியில்லை. ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் மூன்று என்று ஒரு வரிசையில் ஆறு பேர். ஒரே நுரை மெத்தை, ஒரே முட்டி இடி. ஆறு பேரும் ஆறு விலை கொடுத்திருக்கலாம். ஆறு பெயரில் டிக்கெட் வைத்திருக்கலாம்.

முதலில் ரெண்டு விஷயத்தைப் பிரிக்க வேண்டும். கேபின் என்பது உட்காருகிற இடம்: எகானமி, பிரீமியம் எகானமி, பிசினஸ், ஃபர்ஸ்ட். இது ஐராவத், ராஜஹம்சா மாதிரி. பார்த்தால் தெரியும். ஃபேர் என்பது அந்த இடத்தை எந்த நிபந்தனையில் வாங்கினீர்கள் என்பது. ஏர் இந்தியாவில் வேல்யூ, கிளாசிக், ஃப்ளெக்ஸ் என்பதும், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் எக்ஸ்பிரஸ் லைட், வேல்யூ, ஃப்ளெக்ஸ் என்பதும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் லைட், வேல்யூ, ஸ்டாண்டர்ட், ஃப்ளெக்ஸி என்பதும் எகானமி என்கிற ஒரே கொட்டகைக்குள் போட்ட தடுப்புகள். ஒரு கம்பெனியின் வேல்யூ இன்னொரு கம்பெனியின் வேல்யூ இல்லை. ஒன்றில் 15 கிலோ பெட்டி அடக்கம், இன்னொன்றில் வேறு கணக்கு. எக்ஸ்பிரஸ் லைட் என்றால் கையில் கொண்டுபோகிற பை மட்டும், உள்ளே போடுகிற பெட்டி கிடையாது. தம்பிக்கு அதைச் சொன்னதும் "ஓ, வெயிட்டு லைட்டு" என்றான். அந்த ஐந்தாவது மொழியிலிருந்து நான் கேட்ட மொழிபெயர்ப்புகளிலேயே அதுதான் நல்லது.

இது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மாம்பழ சீசன் போதும். காவேரிப்பட்டணத்துப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், வடக்கே வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போனார். மகளே அங்கிருந்து மலிவான டிக்கெட்டைப் போட்டு போனில் அனுப்பியிருந்தாள். அவர் கடைக்கு வந்தது அதைப் பிரிண்ட் எடுக்க. காலடியில் ஒரு அட்டைப்பெட்டி, பன்னிரண்டு கிலோ இருக்கும். பார்த்ததும் சொன்னேன், "அய்யா, இந்த டிக்கெட்ல பெட்டி போடக் காசு கட்டணும். இப்பவே ஆன்லைன்ல கட்டிட்டா கம்மி, அங்க போய் கவுண்டர்ல கட்டினா ஜாஸ்தி." தொகையைக் கேட்டார். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். "இந்தக் காசுக்கு அங்கயே பழம் வாங்கிடலாமேம்மா" என்றார். பிறகு, "ஆனா அது நம்ம மரத்துப் பழம் ஆகாதே" என்று பணத்தை எடுத்து வைத்தார். லைட் என்கிற சொல்லை எழுதியவருக்கு அப்பாக்கள் எதைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று தெரிந்திருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு விலையும் வைத்திருக்கிறார்.

*

விலை ஏன் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது என்று கேட்காதவர் கிடையாது. ஓசூர்க்காரர்களுக்கு ரோஜாவை வைத்துச் சொல்லிவிடலாம். அதே தாஜ்மஹால் ரோஜா, அதே நீளத் தண்டு. பிப்ரவரி 14-க்கு முந்தின வாரம் ஒரு விலை, 16-ஆம் தேதி ஒரு விலை. பூ மாறவில்லை, வாங்குகிறவரின் அவசரம் மாறியது. இதுவரை எல்லோருக்கும் புரியும்.

மடக்கியது ராயக்கோட்டைக்காரர் ஒருவர். தக்காளி மண்டியில் வேலை. "காலையில ஒரு கிரேட் என்ன விலைன்னாலும், மத்தியானத்துக்கு மேல நின்னுபோனா எறக்கித்தான் குடுக்கணும், அழுகிடும்ல? பிளேனும் கிளம்பிட்டா காலி சீட்டு அழுகின தக்காளிதானே? அப்ப கடைசி நேரத்துல எறக்காம எதுக்கு ஏத்துறான்?"

பொருளாதாரப் பாடத்தில் பக்கம் பக்கமாக வரும் கேள்வி அது. பதில் இதுதான்: தக்காளிக்குக் கடைசியாக வருகிறவர் இருந்தால் வாங்குவார், இல்லாவிட்டால் புளி கரைத்துக்கொள்வார். விமானத்துக்குக் கடைசியாக வருகிறவர் போயே ஆகவேண்டியவர். கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று தெரிந்துவிட்டால் முன்கூட்டி யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே காலி சீட்டு அழுகினாலும் பரவாயில்லை, விலையை இறக்குவதில்லை.

இதைக் கணக்காக எழுதியவர் கென் லிட்டில்வுட். பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மூன்று வாரம் முன்னதாக வாங்கினால் தள்ளுபடி என்று அந்தக் கம்பெனி அறிவித்திருந்த காலம். மலிவு டிக்கெட்டை எதுவரை விற்கலாம், எங்கே நிறுத்தி மிச்ச சீட்டைப் பிறகு வரும் முழு விலைக்காரருக்காகப் பிடித்துவைக்கலாம் என்பதற்கு 1972-இல் ஒரு சூத்திரம் சொன்னார். இப்போது விற்றால் உறுதியாகக் கிடைக்கும் சின்னத் தொகை, காத்திருந்தால் ஒருவேளை கிடைக்கக்கூடிய பெரிய தொகையைவிடக் கூடுதலாக இருக்கிறவரை விற்றுக்கொண்டே போ. அவ்வளவுதான். அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு போனது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமானம் கிளம்பிப் பெரியவர்களை ஆட்டிவைத்தது. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதே மலிவு விலையை, முன்கூட்டி வாங்குகிறவர்களுக்கு மட்டும், எண்ணி எடுத்த சில சீட்டுகளில் மட்டும் கொடுத்தது. மற்ற சீட்டுகள் பழைய விலையில். கிட்டத்தட்ட ரெண்டு வருடத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற பெயரே வானத்திலிருந்து போய்விட்டது.

நம்ம பக்கத்தில் இதை எல்லோரும் 'சூரரைப் போற்று' வழியாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003-இல் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு முதல் சேவையைத் தொடங்கியது. ஒரு ரூபாய் டிக்கெட்டும் நிஜமாகவே இருந்தது, வரிகள் தனி. ஆனால் விமானம் முழுக்க ஒரு ரூபாய் இல்லை. முந்திக்கொண்ட சிலருக்கு ஒரு ரூபாய், பிந்தியவர்களுக்குப் படிப்படியாக ஏறும். படத்தில் ஒரு ரூபாய் ஞாபகம் நிற்கிறது, படிக்கட்டு நிற்பதில்லை.

அந்தப் படிக்கட்டின் ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. எகானமியில் முழு விலைக்குப் பெரும்பாலும் 'ஒய்', அதற்குக் கீழே கம்பெனிக்குக் கம்பெனி மாறும் 'பி', 'எம்', 'கே', 'க்யூ' என்று ஒரு வரிசை. பிசினஸுக்கு 'ஜே', 'சி'. ஒவ்வொரு எழுத்திலும் இத்தனை சீட்டு என்று ஒதுக்கீடு. ஏஜென்ட் திரையில் ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் 9 என்று காட்டினால் ஒன்பதோ அதற்கு மேலோ இருக்கிறது என்று அர்த்தம். 3 என்றால் மூன்றேதான். ஒடிசாவுக்குப் போக நாலு பேர் சேர்ந்து வருவார்கள். நாலு பேருக்கும் ஒரே புக்கிங்கில் தேடினால், மலிவு எழுத்தில் மூன்று சீட்டுதான் மிச்சம் என்பதற்காக நாலு பேருக்குமே அடுத்த படியின் விலையைக் காட்டும். மூன்று தனி, ஒன்று தனி என்று போட்டால் மூன்று பேருக்கு மிச்சம். கூடுதலாகக் கொடுத்த ஒருவனுக்கு மற்ற மூவரும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்த நாலு பேரும் கடை வாசலில் நின்று கணக்கு பிரிப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அரசாங்கத்துக்கு இந்த எழுத்தெல்லாம் தெரியாது. அதற்கு ரெண்டே வகுப்பு: எகானமிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேலே எதுவாக இருந்தாலும் முன்பு 12, 2025 செப்டம்பரிலிருந்து 18.

*

எழுத்து, படி, ஒதுக்கீடு என்றால் சிப்காட்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. வேறொன்றைச் சொன்னால் பாதியிலேயே "புரிஞ்சிடுச்சு" என்பார்கள். ஒரு ஃபேக்டரியில் ஒரே லைன். ஆறு பேர் நிற்கிறார்கள். ஒரே ஸ்க்ரூ, ஒரே டார்கெட், ஒரே ஷிப்ட். ஒருத்தர் பெர்மனன்ட், ஒருத்தர் ப்ரொபேஷன், ஒருத்தர் ட்ரெய்னி, ஒருத்தர் அப்ரண்டிஸ், ரெண்டு பேர் கான்ட்ராக்ட். வேலை ஒன்று. சம்பளம் வேறு, லீவு வேறு, வெளியே அனுப்புகிற விதம் வேறு. சில இடத்தில் பேட்ஜ் கயிறின் நிறமும் வேறு. கான்ட்ராக்ட் லேபரைச் சுருக்கி சி.எல். என்பார்கள், கேஷுவல் லீவும் சி.எல்.தான். "சி.எல்.லுக்கு சி.எல். கெடையாது" என்பது ஓசூர் ஷிப்ட் பஸ்களில் பழைய ஜோக்.

ஃபேரும் அதுதான். லைட் டிக்கெட்காரரும் ஃப்ளெக்ஸ் டிக்கெட்காரரும் ஒரே நேரத்தில்தான் இறங்குவார்கள். வித்தியாசம் தெரிவது போகும்போது இல்லை, போக முடியாமல் போகும்போது. மலிவு டிக்கெட்டில் குறைவது சீட்டின் அகலம் இல்லை, மனசை மாற்றிக்கொள்கிற உரிமை. தேதி மாற்றினால் ஒரு தொகை, ரத்து செய்தால் கிட்டத்தட்ட எல்லாமே போகும். ஃப்ளெக்ஸ் என்று கூடக் கொடுக்கிற எழுநூறு எண்ணூறு ரூபாய், "ஒருவேளை" என்கிற சொல்லுக்கான விலை.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது கோபம் வந்தது. தன் நேரம் தன் கையில் இருக்கிற ஆளுக்குத்தான் மாற்றவே முடியாத டிக்கெட் பொருந்தும். கடைக்கு அதை வாங்க வருகிறவர்களுக்கோ, நாளைக்கு எந்த ஷிப்ட் என்பதே சூப்பர்வைசர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில்தான் தெரியும். ஜெனரல் மேனேஜருக்குக் கம்பெனி ஃப்ளெக்ஸ் போடும். அவர் பயணம் தள்ளிப்போனால் கம்பெனிக் காசு. கான்ட்ராக்ட் பெண்ணுக்கு லீவு தள்ளிப்போனால் அவள் காசு.

ஒடிசாவில் ஜூன் நடுவில் ரஜ பண்டிகை வரும். மூன்று நாள் பூமி ஓய்வெடுக்கிறது என்று நம்பிக்கை. ஏர் பூட்டமாட்டார்கள், பெண்கள் வேலை செய்யக்கூடாது, புதுத்துணி உடுத்தி ஊஞ்சல் ஆடுவார்கள். மின்னணுப் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையின் ஹாஸ்டலிலிருந்து ஒரு பெண் ஏப்ரலிலேயே வந்து புவனேஸ்வருக்கு டிக்கெட் போட்டாள். வயது இருபது இருக்கும். ரெண்டு விலையையும் காட்டினேன், வித்தியாசத்தையும் சொன்னேன். மலிவானதைத் தொட்டுக்காட்டி, "லீவ் பக்கா, தீதீ" என்றாள். ஜூன் முதல் வாரம் அவசர ஆர்டர் என்று லீவு ரத்தானது. பெண்கள் வேலையே செய்யக்கூடாத மூன்று நாளுக்கு அவளுக்கு ரெண்டு ஓவர்டைம்.

ரத்து செய்ய வந்தாள். திரையில் வந்த தொகை பூஜ்யம். இங்கேதான் ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். ரத்துக் கட்டணம் என்ற பெயரில் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் பிடிக்கக்கூடாது, பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும் விமான நிலையத்துக்காக வாங்கிய பயணிக் கட்டணங்களையும் வரிகளையும் திருப்பித்தர வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. விதி சொல்கிறது. பறக்காத ஆளிடம் விமான நிலையம் எதற்குக் கட்டணம் வாங்க வேண்டும்? தொலைபேசியில் நாற்பது நிமிடம், மூன்று பேரிடம், விதியைச் சொல்லிச் சொல்லிக் கேட்டேன். கடைசியில் ஆயிரத்துக்குக் கீழே ஒரு தொகை வந்தது. அவள் ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு துண்டு. வாங்கிக்கொண்டு, "ஊஞ்சலுக்கு அடுத்த வருஷம்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

கடை சாத்துகிற நேரத்தில் வருகிறவர்கள் இன்னொரு வகை. தனியாக வரமாட்டார்கள். நாலைந்து பேர் ஒருவனைச் சுற்றி நிற்பார்கள், நடுவில் நிற்பவன் பேசமாட்டான். பக்கத்தில் நிற்பவன்தான் பேசுவான். "அக்கா, இவங்க அப்பா… காலையில எடுத்துருவாங்க. ராஞ்சிக்கு எது முதல்ல?"

அந்த நேரத்தில் திரையில் இருப்பது கடைசிப் படி மட்டும். ஏப்ரலில் வாங்கியவர் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு, சில நாள் நாலு மடங்கு. லிட்டில்வுட் கணக்கில் கடைசியில் வருகிறவர் யாரென்றால், கோட்டுப் போட்ட, கம்பெனிக் காசில் பறக்கிற, விலை பார்க்காத வியாபாரி. 1970களின் லண்டனுக்கு அது சரியாகவே இருந்திருக்கலாம். ஓசூர்ச் சந்தில் கடைசியில் வருகிறவன் அப்பாவை இழந்தவன். கணக்குக்கு ரெண்டு பேரும் ஒன்றுதான், போயே ஆகவேண்டியவர்கள். விலை பார்க்காதவனையும், பார்க்க முடியாதவனையும் அதனால் பிரிக்க முடியவில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சில விமானக் கம்பெனிகள் துக்கத்துக்குப் போகிறவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. இங்கே என் திரையில் அப்படி ஓர் எழுத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் சந்தில் பார்த்திருக்கிறேன். சுற்றி நிற்கிற நாலு பேரும் போனை எடுத்து ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் என்று ஒரே எண்ணுக்கு ஜி.பே. செய்வார்கள். ஹாஸ்டலுக்கு போன் போகும், இன்னும் கொஞ்சம் வரும். சித்தப்பா அன்றைக்கு எங்கள் சர்வீஸ் சார்ஜைப் போடமாட்டார். கேட்டால், "சாவு டிக்கெட்ல என்னம்மா லாபம்" என்பார். துக்கக் கட்டணம் என்ற ஒன்று ஓசூரில் உண்டு. அதைக் கட்டுவது விமானக் கம்பெனி இல்லை, அவ்வளவுதான்.

அப்போதும் நான் பெயர்களைப் படித்துக்காட்டுவேன். அந்த இரவில் லைட்டும் ஃப்ளெக்ஸும் ஒரே மாதிரிக் கொடுமையான விலைதான், ஆனால் நடுவில் ஒரு இருநூறு முந்நூறு ரூபாய் வித்தியாசத்தில் தேதி மாற்றக்கூடியது இருக்கும். திரும்புகிற டிக்கெட்டை மட்டும் அன்றைக்குப் போடவேண்டாம் என்பேன். பத்தாம் நாள் காரியமா, பதிமூன்றாம் நாளா, அம்மாவை விட்டுவிட்டு வரமுடியுமா என்றெல்லாம் அவனுக்கே அப்போது தெரியாது. தெரியாத தேதிக்கு மாற்ற முடியாத டிக்கெட் வாங்கக்கூடாது.

கடையை விட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. இன்றும் யாராவது போனில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "எதை எடுக்கட்டும்?" என்று கேட்பார்கள். வரிசையாகச் சொல்வேன். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்க்காதே, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கீழே சின்ன எழுத்தில் மூன்று வரி இருக்கும், அதைப் பார்: பெட்டி எத்தனை கிலோ, தேதி மாற்ற எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு. சாப்பாடும் ஜன்னல் சீட்டும் பிறகு. பெயரை ஆதாரில் இருக்கிற மாதிரியே அடி. நாலு பேர் என்றால் பிரித்தும் தேடிப் பார். போகாமல் போனால் வரிப்பணத்தைக் கேட்டு வாங்கு.

இதெல்லாம் ரெண்டாவது. முதலில் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. எங்கே போறே, எப்போ போறே என்பதற்கெல்லாம் முன்னால் கேட்பது: "லீவு யார் கையில இருக்கு?"